நம்ம கரண்ட்டு அம்பது

எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்த இடம் மெயின் ஸ்விட்சுக்கு. ஆயுத பூஜையன்று அந்த வரிசையும் மாறிவிடும். என் கணவர் குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேராக மீட்டர் பெட்டிக்குப் போவார். பூஜை மாடத்துப் பிள்ளையார் தன் முறை வரும்வரை பொறுத்திருப்பார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் வேலை அவருக்கு. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். என் தங்கை கல்யாணத்தில் எடுத்த குடும்பப் போட்டோவில்கூட அவருடைய பட்டுச் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரின் மஞ்சள் தலை எட்டிப் பார்க்கிறது. போட்டோகிராபர் எடுத்து வைக்கச் சொன்னார். மண்டபத்து சீரியல் லைட்டின் ஒயரிங் சரியில்லை, எப்போது வேண்டுமானாலும் தேவைப்படும் என்று இவர் மறுத்துவிட்டார். வேப்பம்பட்டில் எங்கள் தெருவில் விளக்கு மங்கினால் யாரும் மின்வாரியத்துக்குப் போன் செய்வதில்லை. எங்கள் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுகிறார்கள்.

நான் டிராயிங் போடுகிறவள். தொழிற்பேட்டையில் இருக்கும் சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் ஏணி, தொட்டி, புகைபோக்கி என்று எதைச் செய்வதானாலும் முதலில் அளவோடு ஒரு படம் வேண்டும். அவர்கள் அட்டைப்பெட்டி மூடியில் கிறுக்குவார்கள், சில சமயம் இரும்புத் தகட்டிலேயே சாக்பீசால் கிறுக்குவார்கள், அதைப் போனில் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். நான் வீட்டில் உட்கார்ந்தபடி அதைக் கம்ப்யூட்டரில் ஒழுங்கான டிராயிங்காக மாற்றித் தருவேன். வேலை முழுக்க வலது கையிலும் மவுசிலும்தான்.

ஒரு நாள் என் லேப்டாப் திரையில் பச்சைக் கோடுகள் விழுந்தன. ரிப்பேர் கடையில் புதுசாக வாங்கிவிடுங்கள் என்றார்கள். ரிப்பேர் கடைகள் எதற்குத்தான் இருக்கின்றனவோ தெரியவில்லை. எங்கள் ஹாலில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய டிவி, கிரிக்கெட் இல்லாத நாட்களில் சும்மா கிடந்தது. பழைய செட்டாப் பாக்ஸோடு வந்த எச்டிஎம்ஐ ஒயர் ஒன்றை அலமாரியிலிருந்து தேடியெடுத்து லேப்டாப்பை அதில் மாட்டினேன். படம் வந்தது. செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட் என்று ஒன்று இருந்தது. திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்கிற கணக்கு அது, ஹெர்ட்ஸில் சொல்வார்கள். பட்டியலின் மேலே அறுபது இருந்தது. அதை வைத்தேன், வேலையைத் தொடங்கினேன். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே போனது.

பிறகு ஒரு சாயங்காலம் இவர் ரிமோட்டில் ஏதோ பட்டனை அழுத்த, டிவியின் மூலையில் அந்த எண் தெரிந்துவிட்டது.

"இன்னா இது, அறுவது ஹெர்ட்ஸுன்னு காட்டுது?"

"ஆமா, நான்தான் வச்சேன்."

"நம்ம ஊரு கரண்ட்டு அம்பது."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. இது படம் மாறற கணக்கு."

"ஹெர்ட்ஸுன்னா ஹெர்ட்ஸுதான். அறுவது அமெரிக்காக்காரன் கரண்ட்டு. அந்த மோட்டாரு கதை மறந்துட்டியா?"

மறக்க விட்டால்தானே. அவர்கள் ஆலைக்கு ஒரு முறை வெளிநாட்டிலிருந்து பழைய மெஷின் ஒன்று காட்டுப்பள்ளி துறைமுகம் வழியாக வந்து இறங்கியது. அதன் மோட்டாரில் அறுபது ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. மாட்டாதீர்கள், நம் கரண்ட்டில் சூடாகும் என்று இவர் சொன்னார். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. மோட்டார் எரிந்தது. அவருடைய உத்தியோக வாழ்க்கையில் அவர் சொன்னது அப்படியே நடந்த பொன்னான நாள் அது. எங்கள் சொந்தக்காரர்களில் அந்தக் கதையைக் கேட்காதவர்கள் இனிமேல் பிறந்தால்தான் உண்டு.

"டிவியில மோட்டாரு இல்லங்க. அதத் தொடாதீங்க" என்றேன். தலையாட்டினார். எதற்குத் தலையாட்டுகிறார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு வாரம் போயிருக்கும். காலையில் வேலைக்கு உட்கார்ந்தபோது டிவியில் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. இந்த வயசிலும் கண் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். மவுசைப் பிடித்தேன். கை போனது. திரையில் இருந்த அம்பு கொஞ்சம் பொறுத்துக் கிளம்பியது. கோட்டின் முனையில் நிறுத்தப் போனால் அதைத் தாண்டிப் போய் நின்றது. திரும்ப இழுத்தால் மறுபக்கம் தாண்டியது. மவுசின் பேட்டரியை மாற்றினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். கடைசியில் புது மவுசே வாங்கினேன். புது மவுசிலும் அதே தாமதம்.

வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு என் அம்மாவைத் தெரியாது, அதனால் உங்களுக்கு இது சுலபம்.

அம்மாவுக்கு நடுக்குவாதம். ஆனால் அவளுக்கு முதலில் வந்தது நடுக்கம் இல்லை, தாமதம்தான். ஜாக்கெட் கொக்கியை மாட்ட நேரமானது. தோசையைத் திருப்பப் போன கை பாதியில் யோசித்து நின்றது. "நான் சொல்றேன், கை லேட்டா கேக்குது" என்பாள். நாங்கள் சிரித்தோம். அதற்கப்புறம் சிரிக்க ஒன்றுமில்லாமல் போனது. கடைசி வருஷங்களில் அவள் எங்களோடுதான் இருந்தாள். அப்போது நாங்கள் ஆவடியில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் அழுதுகொண்டு நின்ற நேரங்களில் அவளைத் தூக்கி உட்காரவைத்ததும், வாய் துடைத்ததும் இவர்தான். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. மாமியாருக்கு இப்படிச் செய்கிற மருமகன் உண்டா என்று தெருவே பேசியது.

ஆக, மவுசு இரண்டும் நன்றாயிருந்து அம்பு தாமதமாக வந்தால், மிச்சம் இருப்பது கைதானே? அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

பயம் வந்துவிட்டால் சாட்சிக்குப் பஞ்சமில்லை. குழம்பில் உப்பு கூடியது, கைதான். ஊசியில் நூல் நுழையவில்லை, கைதான். எவர்சில்வர் தட்டு கைநழுவி விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, அதற்குக்கூடத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பட்டறைக்காரர்களுக்கு அனுப்பவேண்டிய டிராயிங்குகள் தேங்கின. ஒரு ஏணிக்குப் படி போட அரை நாள் ஆனது. திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வராத அம்பைத் திட்டிவிட்டு, பிறகு கையைத் திட்டிவிட்டு, கடைசியில் யாருக்கும் தெரியாமல் அழுவேன். உண்மையாகவே பயந்துபோயிருந்தேன்.

இவரிடம் சொல்லவில்லை. ஒரு முறை பட்டவர். இன்னொரு முறை அதே வேலையை அவர் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமயத்தில்தான் அவர் ரொம்ப நல்லவராக மாறினார். சோறு வெந்ததும் அடுப்படிக்கு வந்து, "தள்ளு, நான் வடிக்கறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படி எந்தப் பக்கம் என்று கேட்கக்கூடியவர் அவர். கண்ணாடித் தம்ளர்களைப் பரணில் ஏற்றிவிட்டு எவர்சில்வர் தம்ளர்களை எடுத்து வைத்தார். ராத்திரி ஷிப்ட் நின்றுபோய், தினமும் சாயங்காலம் வேனில் வந்து இறங்கினார். கேட்டால், "மில்லுல மாத்திட்டானுங்க" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷினைக் கொண்டுவந்து பாத்ரூம் சுவரில் கனமான இரும்புக் கம்பி ஒன்றை போல்ட் போட்டு இறுக்கினார்.

"இது இன்னாத்துக்கு?"

"துண்டு மாட்ட."

யானைக்குத் துண்டு கட்டினாலும் தாங்குகிற கம்பி அது. மாட்டிய உயரமும் சரியில்லை, இடுப்பளவுதான் இருந்தது. துண்டு தரையைக் கூட்டும். ஆலையில் சும்மா கிடந்த இரும்பைப் பார்த்ததும் கை அரித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற நல்ல காரியங்களுக்கு மட்டும் காரணம் பிடிபடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஒரு புருஷன் திடீரென்று கஞ்சி வடித்தால் பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்? எங்கேயோ ஏதோ தப்பு செய்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பு முழுக்கத் தவறாகவும் போகவில்லை.

கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, தங்கைக்குப் புடவை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சென்னையில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். அவர் விரலையும் என் மூக்கையும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னார். காகிதத்தில் சுருள் சுருளாக ஒரு கோடு இழுக்கச் சொன்னார். இழுத்தேன். டிராயிங் போடுகிறவள் இழுத்த சுருள், முறுக்குப் பிழிந்த மாதிரி ஒரே சீராக வந்தது.

"உங்க கை என் கையைவிட நல்லாருக்கும்மா. ஒண்ணுமில்ல, தைரியமா போங்க" என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை டிவி முன்னால் உட்கார்ந்ததும் கை பழையபடி தாமதித்தது. ரிப்பேர்காரர் வந்து நின்றதும் ஒழுங்காக ஓடிக்காட்டும் மிக்ஸி மாதிரி, என் கை டாக்டர் முன்னால் நடித்திருக்கிறது என்று முடிவு செய்தேன். டாக்டரைவிட என் பயத்துக்குப் படிப்பு அதிகம்.

அந்த வாரமே கும்மிடிப்பூண்டியில் ஒரு பட்டறை முதலாளி போன் செய்தார். டிராயிங் தாமதமாகிறது, ஆட்கள் சும்மா நிற்கிறார்கள், நேரில் வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். மறுக்க முடியவில்லை, போனேன். வெல்டிங் புகையில் கறுத்துப்போன ஒரு சின்ன ஆபீஸ் அறை. அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர், தூசி படிந்த மானிட்டர். அந்த மவுசைத் தொடவே கூசியது. இத்தனை பேர் முன்னால் என் கை மானத்தை வாங்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு பிடித்தேன்.

அம்பு பறந்தது. நினைத்த இடத்தில் நின்றது. ஒரு கோடு, அடுத்த கோடு, மூலை, வளைவு. கை போகும் முன்னால் அம்பு போய் நின்றது போலிருந்தது. அரை நாள் ஏணியை டீ வருவதற்குள் முடித்துவிட்டேன். முடித்ததும், யார் என்ன நினைப்பார்கள் என்றுகூட யோசிக்காமல், வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

முதலாளி பதறிப்போனார். "இன்னா மேடம் ஆச்சி? அளவு எதுனா தப்பா பூட்ச்சா?"

"இல்லீங்க, எல்லாம் கரெக்டா இருக்கு."

"அதுக்கா அழுவறீங்க?" என்று கேட்டுவிட்டு, டீயோடு ஒரு சமோசாவும் வாங்கிவரச் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் என் மூளை, ஒரு மாதம் தாமதமாக, வேலை செய்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஓரமாக விடாமல் கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தேன். படத்தின் அளவு, அதாவது ரெசல்யூஷன், டிவியின் முழு அளவுக்கு ஏற்றப்பட்டிருந்தது. எழுத்து பளிச்சென்று ஆனதற்கு அதுதான் காரணம், என் கண்ணில்லை. அவ்வளவு பெரிய படத்தை வேகமாகத் தள்ள அந்தப் பழைய ஒயருக்கும் லேப்டாப்புக்கும் தெம்பில்லை. அதனால் ரெஃப்ரெஷ் ரேட் பட்டியல் முப்பது, இருபத்தைந்து, இருபத்து நான்கு என்று சுருங்கியிருந்தது. தேர்வாகியிருந்தது இருபத்தைந்து. நொடிக்கு அறுபது முறை மாறிய படம் அதில் பாதிகூட மாறாவிட்டால், அம்பு கைக்குப் பின்னால்தான் வரும்.

கம்ப்யூட்டர் தானாக எடுத்திருந்தால் முப்பதை எடுத்திருக்கும். இருபத்தைந்தை எடுக்க ஒரு மனுஷன் வேண்டும். உலகத்தில் எத்தனையோ பேர் இருந்தாலும், அந்தக் காரியத்தைச் செய்யக்கூடியவர் இன்றைக்கு சாயங்காலம் கம்பெனி வேனில் வந்து இறங்குவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் உள்ளே வந்தபோது அந்தப் பக்கத்தை டிவி முழுக்கத் திறந்து வைத்திருந்தேன்.

"இது யாரு வேலை?"

பார்த்தார். சாப்பாட்டுப் பையை மெல்ல கீழே வைத்தார். "நான்தான். உன் கம்ப்யூட்டரத் தொறந்து அம்பது வைக்கலாம்னு பாத்தேன். மேல எதையோ அமுக்கினேன், லிஸ்ட்டு சின்னதாயிடிச்சி, அம்பதக் காணோம். இருவத்தஞ்சி இருந்திச்சி. அம்பதுல பாதி, நம்ம கரண்ட்டுக்கு ஒத்துப்போவும்னு போட்டேன். எழுத்தும் நல்லா தெரிஞ்சிது. நீயும் ஒண்ணும் சொல்லல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ மாத்திப்புடுவ. டிவி சூடாயி எரிஞ்சிதுன்னா?"

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. கத்தினேன். அம்பு தாமதமாக வந்ததையும், அதை என் கை என்று நான் நினைத்ததையும், புடவை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "எங்கம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சின்னு நெனச்சி செத்துக்கினு இருந்தேன். நீங்க இன்னாடான்னா மோட்டாருக்கு வைத்தியம் பாத்துக்கினு இருந்திருக்கீங்க!"

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். மோட்டார் கதையை மறுபடி எடுப்பார் என்றும் எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டரு ஒண்ணுமில்லன்னாரா?"

"ஆமா."

"நல்லா பாத்துத்தான் சொன்னாரா?"

"ஆமாங்க. கை நல்லாத்தான் கீது. உங்க இருவத்தஞ்சிதான் கோளாறு."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். நீ மவுசப் புடிச்சிக்கினு தடுமார்றத, கையப் பாத்து அழுவறத. அத்தைக்கும் இப்டித்தான ஆரம்பிச்சிது. கேட்டா நீ ஒடிஞ்சி பூடுவியேன்னு கேக்கல. ஷிப்ட் இன்சார்ஜ் போஸ்ட்டு குடுக்கறோம்னாங்க. நைட்டுல நீ ஒண்டியா இருக்கணுமேன்னு வோணாம்னுட்டு, டே ஷிப்ட்டே குடுங்கன்னு எழுதிக் குடுத்தேன்."

கஞ்சி வடித்தது, தம்ளர்களை மாற்றியது என்று எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றது.

"அப்ப அந்தத் துண்டு மாட்டற கம்பி?"

"துண்டு எங்க மாட்டறது அதுல" என்றார். "ஆவடி ஊட்டுல அத்தை புடிச்சி எந்திரிக்க ஒண்ணு வச்சேனே. அதே அளவு."

அந்த வீட்டில் ஒரு கம்பி இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கு அதன் உயரம்கூட மறக்கவில்லை. நோய் வருவதற்கு முன்பே எனக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துவிட்டு, அந்த நோயையும் என் மவுசைப் பிடித்து அவரே தயாரித்திருக்கிறார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் தோளில் ஒரு அடி வைத்தேன், பிறகு அங்கேயே சாய்ந்துகொண்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுசை எடுத்தேன். படத்தின் அளவைப் பழையபடி குறைத்ததும் பட்டியல் நீண்டது. மேலே அறுபது, அதற்குச் சற்றுக் கீழே ஐம்பது. அம்பை அறுபதின் மேல் கொண்டுபோய் வைத்தேன். பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டிவிக்கு உள்ளே போகும் கரண்ட்டுக்கும் திரையில் மாறும் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை எனக்குப் படம் போட்டு விளக்கத் தெரியும், டிராயிங்தானே என் தொழில். ஐம்பதைத் தேர்ந்தெடுத்தேன். அம்பு கைக்குச் சரியாக வந்தது. அறுபதுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவர் எழுந்துபோய் டிவியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"பாத்தியா, சூடே இல்ல. நான் அன்னிக்கே சொன்னேன்."

"ஆமாங்க" என்றேன். "நீங்க சொன்னது சரிதான்."

கம்பியை எடுத்துவிடச் சொன்னேன். போல்ட்டைப் பிடுங்கினால் டைல்ஸ் உடையும், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். இருக்கிறது. அதில் இன்றுவரை ஒரு துண்டும் காய்ந்ததில்லை. குளித்துவிட்டு வரும்போது அதை ஒரு முறை பிடித்துவிட்டுத்தான் வருகிறேன்.